ஸ்லாலம் பாதை, பொது ஏரிகளில்

விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, ஒற்றைப் பலகையில் நின்று, மிதவைகளை இடமும் வலமுமாகச் சுற்றிச் செல்லும் நீர்ச்சறுக்குப் போட்டிக்கான தடம் ஸ்லாலம் பாதை எனப்படும். நீர்ச்சறுக்கை 1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில் 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் தொடங்கிவைத்தார். அம்மாநிலத்தில் பொது ஏரியில் இப்பாதையை அமைக்க உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

பாதையின் நீளம் 259 மீட்டர். நடுவில் இணை இணையாக மிதக்கும் மிதவைகளுக்கு இடையே படகு நேராகப் போகும். சறுக்குபவர் சுற்ற வேண்டிய 6 மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இருபுறமும் மாறி மாறி நிற்கும்.

தனியார் குளங்களில் ஒவ்வொரு மிதவைக்கும் தனி நங்கூரம் இடுவதுண்டு. பொது ஏரிகளில் பெரும்பாலும் பாதை முழுவதும் நீருக்கடியில் ஒரே சட்டகமாக இருக்கும்: நீளவாக்கில் ஒரு எஃகு வடம், அதன் குறுக்கே பிவிசி குழாய்கள், இரு முனைகளிலும் கனத்த நங்கூரங்கள். இதில் வடத்தின் விறைப்பே முதன்மையானது. அது தளர்ந்தால் காற்றடிக்கும் பக்கம் பாதை வளைந்து, அளவுகள் பிழையாகிவிடும். ஏரி மட்டம் உயர்ந்தால் மிதவைகள் நீருக்குள் இழுபடும். தாழ்ந்தால் குழாய்கள் மேலெழுந்து படகு விசிறியில் சிக்கும். ஆகவே பெருமழைக்குப் பின்னும் நீண்ட வறட்சியிலும் ஆழத்தைச் சரிபார்த்தாக வேண்டும். மிதவைகளைச் சட்டகத்தோடு இணைக்கும் ரப்பர் குழாய்கள் வெயிலிலும் உராய்விலும் அறுந்துபோகும். உதிரிகள் எப்போதும் படகில் இருப்பது நல்லது.

ஜீப்ரா மஸ்ஸல் என்ற அயல்நாட்டு மட்டி பரவிய ஏரிகளில் வேலை இரட்டிப்பாகும். அது வடத்திலும் குழாயிலும் அப்பிக்கொண்டு பாரமேற்றும். அதன் ஓடு மூழ்கிப் பழுதுபார்ப்பவரின் கையைக் கிழிக்கும். சட்டகத்தை வேறு ஏரிக்குக் கொண்டுபோகுமுன் சுரண்டிக் கழுவி நன்கு உலர்த்தாவிட்டால் அந்த ஏரியும் பாழாகும். குளிர்காலத்தில் நகரும் பனிக்கட்டி மிதவைகளைப் பிடுங்கிவிடும் என்பதால், ஏரி உறையுமுன் பாதையைக் கழற்றவோ ஆழத்தில் இறக்கவோ வேண்டும்.

பொது நீர்நிலைக்கு மிகப் பொருத்தமானது மூழ்கவல்ல பாதையே. குழாய்களுக்குள் காற்றடைத்தால் மிதவைகள் மேலெழும், காற்றைத் திறந்துவிட்டால் அடியில் இறங்கும். பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது, கடைசியாகச் சறுக்கியவரே அதை இறக்கிவிட்டுப் போவது முறை. அனுமதி இருந்தாலும் அந்த நீர்ப்பரப்பு சறுக்குவோரின் தனியுடைமை ஆகாது. மீன் பிடிப்பவருக்கும் படகோட்டுபவருக்கும் அங்கே சம உரிமை உண்டு.