சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான் கதி. அந்தக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது, தண்ணீர் மணக்கிறது என்று சுன்னாகத்து மக்கள் முறையிட்டதே இவ்வழக்கின் தொடக்கம்.

அங்கே இயங்கிய நொதேர்ண் பவர் கம்பனியின் மின்நிலையத்துக் கழிவு எண்ணெயே காரணம் எனக் கூறி, சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். வழக்கைத் தாங்கி நின்றவை கிணற்று நீரின் ஆய்வுகூட அறிக்கைகள். 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு கம்பனிக்கு உத்தரவிடப்பட்டது. ஒருவருக்கு உச்சம் 40,000 ரூபா.

கெட்டுப்போன கிணற்றுக்கு இது போதவே போதாது. ஆனாலும் தனியார் கம்பனியொன்றை இப்படிப் பொறுப்பேற்க வைத்தது பெரிய காரியம்.

தனிநபர் காயத்துக்கான வழி வேறு. சொத்து, முதுசம் பற்றிய விடயங்களுக்கு யாழ்ப்பாணத்தின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உண்டு. வீதி விபத்தில் கால் முறிந்தவருக்கோ கவலையீனமான சிகிச்சையால் பாதிக்கப்பட்டவருக்கோ உரோமன் டச்சுச் சட்டமே துணை. எதிராளியின் கவலையீனத்தையும் அதனால் நேர்ந்த இழப்பையும் மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மருத்துவ அறிக்கை, மருந்துச் சிட்டை, இழந்த சம்பளத்துக்கான சான்று ஆகியவற்றைச் சட்டத்தரணி முதலில் கேட்பார். வேலைத்தலக் காயங்களுக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது.

பலருடைய உரிமை காலதாமதத்தில்தான் பறிபோகிறது. கவலையீனத்தால் நேர்ந்த காயத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆவணங்களுடன் காலதாமதமின்றிப் போவது அவசியம்.