புது ஊரு, புதுக் கட்டில்: விமானிகளுக்கு வெளியூரில் தூக்கம் வருமா?

சாங்கி விமான நிலையத்தில் பார்த்திருப்பீங்க. சீருடை, தொப்பி, கையில் கறுப்புச் சக்கரப் பெட்டி. விமானிகள் சிலர் நம் வரிசையைத் தாண்டி விறுவிறு என்று நடந்துபோவார்கள். "இவங்களுக்கு என்னப்பா! இன்னிக்கு லண்டன், அடுத்த வாரம் டோக்கியோ. ஹோட்டல் செலவும் கம்பெனியோடது" என்று மனதுக்குள் ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்க்கும்.

அந்த ஹோட்டல் அறை எப்படி இருக்கும் தெரியுமா? பகல் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். திரைச்சீலையை முழுக்க இழுத்து மூடியும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் விழும். அலமாரியில் கால்சட்டை மாட்டும் ஹேங்கர் இருக்குமே, அதன் கிளிப்பை எடுத்து அந்த இடைவெளியை இறுக்கிவிடுவது விமானிகள் பலருக்கும் தெரிந்த தந்திரம். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை. மின்தூக்கிக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. இவ்வளவும் செய்துவிட்டுப் படுத்தால், தூக்கம் மட்டும் வராது.

நமக்குத் தூக்கம் வராவிட்டால் மறுநாள் வகுப்பில் கொட்டாவி. அவருக்கு மறுநாள் 300 பயணிகள்.

லேஓவர் என்றால் என்ன?

ஒரு ஊருக்கு விமானத்தை ஓட்டிப் போய், அங்கே தங்கி, பிறகு வேறொரு விமானத்தை ஓட்டித் திரும்பும் இடைப்பட்ட நேரத்துக்குத்தான் லேஓவர் என்று பெயர். தூரம், வேலைப் பட்டியல், அடுத்த விமானம் எப்போது என்பதைப் பொறுத்து அது அரை நாளாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று நாளாகவும் இருக்கலாம்.

எல்லா விமானிகளும் வெளியூரில் தங்குவதில்லை. பினாங்கு, கோலாலம்பூர் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் அன்றே திரும்பிவிடலாம். அதுதான் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நள்ளிரவில் கிளம்பி விடிகாலையில் சாங்கி வந்து சேரும் விமானங்களில் நம்மில் பலர் வந்திருப்போம். நாம் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அந்த நேரத்தில்தான் விமானி விழித்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரிய நிறுவனங்களில் விமானியும் துணை விமானியும் ஒருவரையொருவர் முதல்முறையாகச் சந்திப்பதே அன்றைய பயணத்துக்கு முன்னால்தான் என்பது சர்வசாதாரணம். யார் எதை எப்போது செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை இருப்பதால் வேலை ஓடுகிறது. ஊர் புதுசு, அறை புதுசு, கூட வந்தவரும் புதுசு.

உடம்பு எந்த ஊரில் இருக்கிறது?

நம் உடம்புக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. தூக்கம், பசி, உடல் வெப்பம் எல்லாம் அதன் பிடியில். விமானம் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தக் கடிகாரம் சொந்த ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் அது நகரும் என்பது பொதுவான கணக்கு.

சிங்கப்பூர் - நியூயார்க் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 கிலோமீட்டருக்கும் அதிக தூரம், 18 மணி நேரம் அளவுக்கு நீளும் பயணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தச் சேவையை ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. விமானிகள் நான்கு பேர். முறைவைத்து ஓட்டுவார்கள், ஓய்வு முறை வருகிறவர்கள் அவர்களுக்கென்றே இருக்கும் சிறிய படுக்கை அறையில் போய்ப் படுப்பார்கள். அங்கே இறங்கினால் நேர வித்தியாசம் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. அதாவது அப்படியே தலைகீழ்! நியூயார்க்கில் மதிய உணவு நேரம் என்றால் உடம்புக்கு அது நள்ளிரவு.

இரண்டு நாளில் உடம்பை 12 மணி நேரம் நகர்த்த முடியாது. அதனால் குறுகிய லேஓவரில் பல விமானிகள் அந்த ஊர் நேரத்துக்கு மாற முயற்சி செய்வதே இல்லை. சொந்த ஊர் நேரத்திலேயே வாழ்வார்கள். விடிகாலை மூன்று மணிக்குப் பசிக்கும், எந்தக் கடையும் திறந்திருக்காது. பெட்டியில் இருக்கும் கப் நூடல்ஸ்தான் கதி. சுதந்திர தேவி சிலை எல்லாம் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்!

உள்ளூர் நேரம் அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் என்று விமானத்துறை கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் எந்த ஊரின் 2 மணி? உடம்பு எந்த ஊரோடு ஒத்துப்போயிருக்கிறதோ, அந்த ஊரின் 2 மணி.

பாட்டி சொன்னது சரிதான்

"புது இடம்ல, அதான் தூக்கம் வரல." உறவினர் வீட்டில் தங்கும்போது பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். அது வெறும் பேச்சு இல்லை. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது, ஆழ்ந்த உறக்கத்தில்கூட மூளையின் இடப்பக்கத்தின் ஒரு பகுதி வலப்பக்கத்தைவிடக் கூடுதல் விழிப்போடு இருந்தது. வலது காதில் சின்னச் சத்தம் கேட்டாலும் சட்டென்று விழித்துக்கொண்டார்கள். வலது காதில் விழுவதைப் பெரும்பாலும் கவனிப்பது இடப்பக்க மூளைதான். அதே இடத்தில் மீண்டும் தூங்கியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஆபத்து வருமோ என்று மூளை காவல் காக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். டால்ஃபின்கள் மூளையின் ஒரு பாதியை விழிக்கவைத்துக்கொண்டு மறுபாதியில் தூங்கும். அதன் சாயல் கொஞ்சம் நம்மிடமும் இருக்கிறது போல.

இப்போது விமானியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு மாதத்தில் எத்தனையோ 'முதல் இரவுகள்'. அடிக்கடி போகும் ஊரென்றால் அதே ஹோட்டல் என்பதால் கொஞ்சம் பழகிவிடலாம். புது ஊர் என்றால் அதற்கும் வழியில்லை.

வயிறும் ஒரு கவலை

வெளியூருக்குப் போனால் உள்ளூர்ச் சாப்பாட்டை ஒரு கை பார்ப்பதுதான் நமக்கு ஜாலி. விமானிகள் அதிலும் யோசிப்பார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம், பெரிய பயணிகள் விமானங்களில் 2010 முதல் 2014 வரை பணியின்போது விமானிகள் செயல்பட முடியாமல்போன சம்பவங்களை ஆராய்ந்தது. அவற்றுக்கு முக்கியக் காரணம் மாரடைப்போ மயக்கமோ இல்லை. வயிற்றுக் கோளாறு! இரு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாது என்று பல நிறுவனங்கள் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

தனிமையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருக்க, எங்கோ ஒரு ஹோட்டல் அறையிலிருந்து வீடியோ அழைப்பில் "பலகாரம் எனக்கும் எடுத்து வைங்க" என்று சொல்வது எப்படியிருக்கும் என்பது வெளிநாட்டில் படிக்கும் யாருக்கும் தெரியும்.

28 நிமிடம் பதில் இல்லை

2024 ஜனவரி 25. இந்தோனேசியாவின் கெண்டாரியிலிருந்து ஜக்கர்த்தாவுக்கு வந்துகொண்டிருந்த பத்திக் ஏர் விமானத்தில் 153 பயணிகள். விமானிகள் இருவரும் அதிகாலையில் ஜக்கர்த்தாவிலிருந்து கெண்டாரிக்கு ஓட்டி வந்து, உடனே திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானி தூங்கினார். விமானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய துணை விமானியும் தன்னையறியாமல் கண்ணயர்ந்தார். அவர் வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள்.

கட்டுப்பாட்டு நிலையம் திரும்பத் திரும்ப அழைத்தது. 28 நிமிடம் பதில் இல்லை. பாதையிலிருந்து விமானம் விலகியது. விமானி விழித்தெழுந்து, துணை விமானியையும் எழுப்பி, பாதையைச் சரிசெய்து பத்திரமாகத் தரையிறக்கினார். யாருக்கும் காயமில்லை.

2010 மே 22 அன்று மங்களூரில் அப்படி நடக்கவில்லை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அதிகாலையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர், 8 பேர் பிழைத்தனர். தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே எழும்பாததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. துணை விமானி எச்சரித்தும் அது நடக்கவில்லை. பயணத்தின் பெரும்பகுதியில் விமானி தூங்கியிருந்ததும், எழுந்த பிறகும் மூளை மந்தமாக இருந்திருக்கலாம் என்பதும் அதற்குத் துணைபோன காரணங்களாகச் சொல்லப்பட்டன.

அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பயணத்துக்கு முன் அவருக்குப் போதுமான ஓய்வு நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. எனக்கு இந்த வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஓய்வு நேரம் கொடுக்கலாம். தூக்கத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது.

அப்போ சட்டம் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் ஒரு பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு; அதில் 8 மணி நேரம் இடையூறின்றித் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். 2009இல் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு வந்த விதி இது. அந்த விமானத்தின் துணை விமானி, முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார்.

10 மணி நேரம் என்றால் தாராளம் போலத் தெரியும். விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பிவர ஒரு மணி நேரம். குளியல், சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன். கழித்துப் பாருங்கள்.

விமானி அறையில் இருக்கையிலேயே திட்டமிட்டுக் குட்டித்தூக்கம் போட ஐரோப்பாவும் கனடாவும் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. அமெரிக்கா அனுமதிப்பதில்லை. இத்தனைக்கும் அது பலன் தரும் என்று 1990களில் காட்டியதே அமெரிக்காவின் நாசா ஆய்வுதான். 40 நிமிடம் ஓய்வு கொடுத்தபோது விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். பிறகு அவர்களின் விழிப்பு மேம்பட்டிருந்தது.

இந்தியா, வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தியது; இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் குறைத்தது. விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடப்புக்கு வந்தபோது இண்டிகோ நிறுவனத்திடம் அதற்கேற்ற விமானிகள் போதவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான அதன் விமானங்கள் ரத்தாகின. விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது. பயணிகளின் கோபம் நியாயம்தான். ஆனால் தளர்த்தப்பட்டது எது என்பதையும் பார்க்க வேண்டும்: இரவு நேரப் பணிக்கான கட்டுப்பாடுகள்.

'விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது'

தாமதமான விமானத்தில் எப்போதாவது இந்த அறிவிப்பைக் கேட்டிருக்கலாம். "இவ்வளவு நேரம் சும்மாதானே உக்காந்திருந்தாரு?" என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுப்பார். பணி நேரக் கடிகாரம் விமானம் மேலே எழும்பும்போது ஓடத் தொடங்குவதில்லை. விமானி பணிக்கு வந்த நிமிடத்திலிருந்தே அது ஓடுகிறது. மழைக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரமும், பழுதுபார்த்த ஒரு மணி நேரமும் அந்தக் கணக்கில் சேரும். வரம்புக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் கிளம்பக் கூடாது. வேறு விமானி வர வேண்டும், அல்லது இவர் போய்த் தூங்கி எழுந்து வர வேண்டும்.

அவரை அழைத்துப்போக வாசலில் ஒரு வேன் நிற்கும். இந்த முறை எந்த ஹோட்டல் என்று அவருக்கே அப்போதுதான் தெரியவரும்.