வலி கிளினிக்குகளும் அரசும்: ஒரு நூறாண்டுக் கதை



இது நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மாணவி புளோரிடாவிலிருந்து பேசினாள். அங்கே நர்ஸாக வேலை பார்க்கிறாள். முதுகெலும்பில் மூன்று ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், பத்து வருடமாகச் சாப்பிட்டு வந்த வலி மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார் என்று அவளிடம் அழுதாராம். "சார், இந்த மாத்திரையாலதான் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் செத்தாங்கன்னு சொல்றாங்க. அது இல்லாம இவர் எழுந்து நடக்க முடியல. நான் நோயாளியை நம்புறதா, சந்தேகப்படுறதா?" என்று கேட்டாள்.

மருத்துவம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வரலாறு. அவளுக்குப் போனில் சொன்னதை, விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கதை 1914இல் தொடங்குகிறது. அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஹாரிசன் சட்டத்தை நிறைவேற்றியது. மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு வரிச் சட்டம். அபினி, மார்பின், கொக்கேய்ன் விற்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். டாக்டர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் "தொழில்முறை மருத்துவத்தின் போக்கில்" கொடுத்தால் மட்டுமே விலக்கு. எது தொழில்முறை, எது இல்லை என்பதை முடிவு செய்வது யார்? மருத்துவர் சங்கமா, வரித்துறை அதிகாரியா? சட்டம் அதைச் சொல்லவில்லை. அடுத்த நூறு வருடச் சண்டை முழுக்க இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

1919இல் வெப் என்ற டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போதைக்குப் பழகிய ஒருவர் அவதிப்படாமல் இருப்பதற்காக மட்டும் மார்பின் எழுதிக் கொடுத்தால் அது மருந்துச் சீட்டே ஆகாது என்றது. டாக்டர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பழகிய நோயாளிகள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று பல நகராட்சிகள் தாமே கிளினிக்குகளைத் திறந்தன. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் டாக்டர் வில்லிஸ் பட்லர் நடத்திய கிளினிக் அவற்றில் பெயர் பெற்றது. தீராத நோயால் வலியில் இருந்தவர்களும் அங்கே வந்தார்கள். அளவு பார்த்து, பதிவேடு வைத்துக் கொடுத்தார். ஆனாலும் மத்திய அதிகாரிகள் விடவில்லை. மற்ற ஊர்க் கிளினிக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஷ்ரீவ்போர்ட் 1923இல் மூடப்பட்டது.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். ஸ்போகேன் நகரத்து டாக்டர் லிண்டர் ஒரு பெண்ணுக்கு நான்கு மாத்திரை கொடுத்தார். ஒன்று மார்பின், மூன்று கொக்கேய்ன். வந்த பெண் அரசாங்கத்தின் ஆள். டாக்டருக்குத் தண்டனை கிடைத்தது. 1925இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்லெண்ணத்தோடு ஒரு டாக்டர் நோயாளியின் அவதியைத் தணிக்கக் கொடுத்ததைக் குற்றம் என்று சொல்ல முடியாது என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அதற்குள் டாக்டர்கள் பாடம் படித்துவிட்டார்கள். வம்பு வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். சட்டம் மாறினாலும் பயம் மாற ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும்.

அப்படி ஆயிற்று. பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் புற்றுநோயாளிக்குக்கூட மார்பினை எண்ணி எண்ணித்தான் கொடுத்தார்கள். 1980களில் இதற்கு எதிர்க்குரல் எழுந்தது. வலியை அடக்காமல் விடுவது கொடுமை என்று நல்ல டாக்டர்கள் பேசினார்கள். அது நியாயமான குரல். அந்த நியாயத்தை வியாபாரம் பிடித்துக்கொண்டதுதான் அடுத்த கட்டம்.

1980 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் ஒரே பத்தி உள்ள ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, இவ்வகை மருந்து வாங்கிய 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்று அது சொன்னது. ஆஸ்பத்திரிக்குள் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. அதை எடுத்து, வீட்டில் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் ஊரெல்லாம் பரப்பினார்கள். மூல ஆவணத்தைப் படிக்காமல் மேற்கோளை நம்பாதே என்று வகுப்பில் நான் கத்துவேனே, இதற்குத்தான்.

1996இல் பர்டூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் கடைக்கு வந்தது. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன், அபினி வழி வந்த மருந்து. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007இல் அந்த நிறுவனமும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும் தவறான தகவல் கொடுத்து விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல். அதற்குள் நெருப்பு பரவிவிட்டது.

இப்போது புளோரிடாவுக்கு வருவோம். அங்கே டாக்டர் தன் கிளினிக்கிலேயே மாத்திரையையும் விற்கலாம். யார் எங்கே எத்தனை மாத்திரை வாங்கினார் என்று பார்க்கும் கணினிப் பதிவு கிடையாது. இந்த இரண்டு ஓட்டை போதும். சாலையோரக் கட்டடங்களில் "வலி கிளினிக்" பலகைகள் முளைத்தன. நடத்தியவர்களில் சிலர் மருத்துவமே படிக்காதவர்கள். கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோவிலிருந்து கார் கார் ஆக வந்து வாங்கிப் போனார்கள். இரண்டு நிமிடப் பரிசோதனை, கையில் ரொக்கம், பை நிறைய மாத்திரை. மக்கள் இவற்றுக்கு வைத்த பெயர் மாத்திரை ஆலை. இவற்றை மூடியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

2011இல் மத்திய, மாநிலப் போலீஸார் சேர்ந்து பெரிய சோதனைகள் நடத்தினார்கள். அந்த வருடமே டாக்டர்கள் தம் கிளினிக்கில் இந்த மருந்தை விற்கத் தடை வந்தது. கணினிப் பதிவும் வந்தது. 2013க்குள் சுமார் 250 வலி கிளினிக்குகள் மூடப்பட்டன. மிக அதிகமாக ஆக்ஸிகோடோன் வாங்கி விற்ற டாக்டர்கள் 2010இல் 98 பேர். 2013இல் ஒருவரும் இல்லை. அந்த மருந்தால் நேர்ந்த சாவு 2010க்கும் 2012க்கும் இடையே அந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. இதை மறைத்து எழுதினால் நான் வரலாற்று ஆசிரியன் அல்ல.

ஆனால் வலை வீசியபோது என்ன நடந்தது? மீன் வகை பார்த்து வலை பிடிப்பதில்லை. மொத்த விற்பனையாளர்கள் மேலும் மருந்துக் கடைகள் மேலும் வழக்குகள் வந்தன. கடைக்காரர்கள் இருப்பைக் குறைத்தார்கள். நிஜமான சீட்டோடு நிஜமான நோயாளி வந்தாலும் "ஸ்டாக் இல்லை" என்றார்கள். எலும்பில் புற்றுநோய் உள்ளவர்கள்கூட ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு அலைந்தார்கள். கடைசியில் 2015இல் அந்த மாநில மருந்தாளுநர் வாரியம் தன் விதியையே மாற்ற வேண்டி வந்தது: சீட்டைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடாமல், அது சரியான சீட்டா என்று விசாரித்துக் கொடுக்க முயலுங்கள் என்று.

அதே மாநிலத்தில் இதற்கு முன்பே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வலி நோயாளி, மருந்துச் சீட்டைத் திருத்தி அளவுக்கு மேல் மாத்திரை வைத்திருந்ததாக 2004இல் 25 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் யாருக்கும் விற்றதாகச் சாட்சி இல்லை. ஆனால் எடை அதிகம் என்பதால் சட்டப்படி அது கடத்தல். சிறைக்குள் அரசாங்கமே அவருக்கு ஒரு கருவி பொருத்தி மார்பின் கொடுத்தது! 2007இல் ஆளுநர் முழு மன்னிப்பு கொடுத்து வெளியே அனுப்பினார். வெளியே குற்றமாக இருந்த வலி, உள்ளே போனதும் நோயாகிவிட்டது.

2016 மார்ச்சில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் மார்பினுக்குச் சமமான அளவைத் தாண்டுவதைத் தவிருங்கள், தாண்டினால் தக்க காரணம் இருக்க வேண்டும் என்றது. கட்டாயம் இல்லை, புற்றுநோய்க்கும் இறுதிக்காலச் சிகிச்சைக்கும் பொருந்தாது என்றும் எழுதியிருந்தது. ஆனால் அதிகாரிகள் கையில் ஒரு எண் கிடைத்தால் விடுவார்களா? இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மருந்துக் கடைகளும் பல மாநிலங்களும் அந்த எண்ணையே கோடாகப் போட்டுவிட்டன. பல வருடமாக அதிக அளவில் சாப்பிட்டு நிலையாக இருந்தவர்களுக்கும் ஒரேயடியாகக் குறைத்தார்கள். சிலருக்கு அடியோடு நிறுத்தினார்கள்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உடல் பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. இந்த மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடும் யாருடைய உடலும் அதற்குப் பழகும். திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, பழைய வலி இரண்டு மடங்கு. அடிமைத்தனம் என்பது கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் தேடி ஓடுவது. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான், குற்றம் செய்யாதவர்களும் குற்றவாளிபோல் நடத்தப்பட்டார்கள்.

2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது: திடீரென நிறுத்தியதால் கடும் வலி, மன உளைச்சல், தற்கொலை வரை நேர்ந்திருக்கிறது என்று. வழிகாட்டியை எழுதியவர்களும் நாங்கள் சொன்னதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். முன்னாள் படைவீரர்கள் சுமார் 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்து நின்ற பிறகு, அளவு மீறியோ தற்கொலையாலோ இறக்கும் ஆபத்து கூடியது; எத்தனை காலம் சாப்பிட்டிருந்தார்களோ அந்த அளவுக்கு ஆபத்தும் அதிகம். 2021இல் கலிபோர்னியாவில் ஒரு கிளினிக் வரிசை விசாரணைக்கிடையே திடீரென மூடப்பட்டபோது ஏறக்குறைய 20,000 நோயாளிகள் டாக்டர் இல்லாமல் நின்றார்கள். கிளினிக் மேல் குற்றம் இருக்கலாம். அந்த 20,000 பேர் நாளைக்கு எங்கே போவார்கள் என்று மூடுவதற்கு முன்பு யாராவது யோசித்திருக்க வேண்டாமா?

சரி, இத்தனைக்கும் சாவு குறைந்ததா? மருந்துச் சீட்டுகள் 2012இல் 25 கோடிக்கு மேல். 2020இல் சுமார் 14 கோடி. ஆனால் நாடு முழுவதும் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 2010இல் 38,000 பேர். 2021இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர். மாத்திரை கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் ஹெராயினுக்குப் போனார்கள். பிறகு கள்ளச் சந்தையில் அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் வந்தது. டாக்டர் சீட்டில் தொடங்கிய கதை, டாக்டரே இல்லாத தெருவில் பெரிதாயிற்று.

2022இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒரு டாக்டரைத் தண்டிக்க வேண்டுமானால் அவர் அனுமதி மீறுகிறோம் என்று தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. நவம்பரில் புதிய வழிகாட்டி வந்தது. அந்த 90 என்ற கோட்டை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது. 1925இல் லிண்டர் வழக்கில் சொன்னதற்கு மறுபடி வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம்.

"இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்" என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மார்பின் வைத்திருக்க ஒரு லைசென்ஸ், கொண்டுபோக ஒரு லைசென்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறை. சிறு தவறுக்கும் பெரிய தண்டனை. மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளைகிறது. மருந்து செய்ய வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் ஆனது.

உறவினர்களுக்கு என் பெரியக்காவை நினைவிருக்கும். புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்தபோது, 1990களின் நடுவில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "மார்பின் கொடுத்தால் நிம்மதியாக இருப்பார், எங்களிடம் இல்லை" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அக்கா கடைசி இரண்டு மாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சட்டம் எந்தக் கடத்தல்காரனைத் தடுத்ததோ தெரியாது. என் அக்காவைத் தடுத்தது.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வேறு வழி காட்டியது. கணக்கும் கண்காணிப்பும் வைத்துக்கொண்டே, ஏழை வீட்டு வாசல் வரை மார்பின் போய்ச் சேர்ந்தது. 2014இல் நம் சட்டமும் திருத்தப்பட்டது. மார்பின் முதலான சில மருந்துகளுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியில் வாங்கலாம் என்று ஆயிற்று.

புளோரிடா மாணவிக்கு நான் சொன்னது இதுதான். நம்பம்மா, நம்பிவிட்டு விசாரி. பதிவேட்டைப் பார், அளவைப் பார், குறைக்க வேண்டுமானால் அவரோடு பேசி மெல்லக் குறைக்கச் சொல். ஆனால் கதவைச் சாத்தாதே.

நீங்கள் டாக்டராக, மருந்தாளுநராக, போலீஸாக, கலெக்டர் ஆபீஸில் அலுவலராக இருக்கிறீர்கள். ஒரு கிளினிக்கை மூடும் உத்தரவு உங்கள் மேஜைக்கு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் அங்கே வரும் நோயாளிகளின் பட்டியலையும் ஒருமுறை கேளுங்கள். வீட்டில் யாராவது தீராத வலியில் இருந்தால் "வலி நிவாரணப் பிரிவு எங்கே?" என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கொடுத்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

தவறு இருந்தால் திருத்துங்கள். உங்கள் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்