தேயிலையில் உடைந்த சொற்கள்

போர்த்துக்கீசியர் உடைந்த துண்டைப் 'பிரக்மெந்து' என்பர். ஆங்கிலேயர் உடைத்தலைப் 'பிரேக்' என்பர். இரண்டும் ஒரே தொல்வேரினின்று கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. அவ்வேரின் ஆங்கிலக் கிளை மூணாற்றுக்கும் நெல்லியாம்பதிக்கும் தேயிலையோடு ஏறி வந்தது. நம்மவர் கிள்ளிய கொழுந்து ஆலையில் நொறுங்கித் தரம் பிரிகிறது: முழு இலைக்கு அடுத்தது 'புரோக்கன்', அதனினும் சிறியது 'பேனிங்ஸ்', கடைசியில் 'டஸ்ட்', அதாவது தூள். 1930களில் அஸ்ஸாமில் தோன்றிய சி.டி.சி. முறையின் பெயரோ நசுக்கு, கிழி, சுருட்டு என மூன்று ஏவல்கள்!

மொழிவழியே மாநிலங்கள் பிரிந்த 1956-இல், தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அந்த மனவருத்தம் நாம் அறிந்ததே. ஆயினும் ஆலைக்குள் தமிழரும் மலையாளிகளும் ஆள்வன இதே உடைசற் சொற்கள்தாம். தூளென்று இகழ வேண்டா. பாலிலே திடமாக இறங்குவதால் தென்னாட்டார் விரும்பி வாங்குவது அதனையே.