சீனக்குடா வானமும் எங்கள் வீட்டு ஜோய்ஸ்டிக்கும்

"சேர், பிளேன் தானா இடப்பக்கம் சரியுது."

தரம் 9 பையன் இப்படிச் சொன்னபோது முதலில் அவனைத்தான் ஏசினோம். பிறகு நாங்களே பிடித்துப் பார்த்தோம். கையை எடுத்தாலும் விமானம் சரிந்துகொண்டே போனது. சீனக்குடா ஓடுபாதையைத் தாண்டி, நேரே தம்பலகாமக் குடாவுக்குள்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கொம்பியூட்டரில் விமான சிமுலேட்டர் இருப்பது பலருக்கும் தெரியும். வரலாற்றுப் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் பின்னேரங்களில் அதில் பறப்பார்கள். ஜோய்ஸ்டிக் பழுதானதும், "என்ன வாங்கப் போறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாக எழுதத் தொடங்கிய பதிவு இது. கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பொட்டென்சியோமீட்டர். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான். கரிப்பூச்சின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு உரசி ஓடும். பூச்சு தேய்ந்தாலோ தூசும் ஈரமும் ஏறினாலோ, கை அசையாமலே விமானம் துள்ளும். கடற்கரை ஊரில் இது சீக்கிரமே நடக்கும். கிளீனர் அடித்தோம், இரண்டு கிழமை ஓடியது, பிறகு மறுபடி இடப்பக்கம்.

புதிது தேடும்போதுதான் ஒரு கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. 1942 ஏப்ரல் 9 காலையில் இதே சீனக்குடாவிலிருந்து கிளம்பியவர்களின் கையில் என்ன இருந்தது?

அந்த நாளைத் தெரியாத திருகோணமலைக்காரர் குறைவு. "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று வயதைக் கணக்குச் சொன்ன மூத்தாப்பாமார் நம் வீடுகளில் இருந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கு நாள் கழித்து நம் பக்கம் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். எதிர்த்து எழுந்தவை பிரதானமாக 261ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள். ரேடார் முன்னெச்சரிக்கை கொடுத்ததால் ஓடுபாதையிலேயே அகப்படாமல் மேலே ஏற முடிந்தது. ஆனாலும் 8 ஹரிக்கேன்கள் திரும்பவில்லை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது, 307 பேருடன். அதன் தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. துறைமுகத்தில் அன்று எரிந்த சகாயிங் கப்பலை 2018இல்தான் நம் கடற்படை மேலே எடுத்தது. எண்ணெய்க் குதத்தில் ஒரு தாங்கியின் மீது யப்பான் விமானம் விழுந்து தீ நாட்கணக்கில் எரிந்தது. அது வேண்டுமென்றே மோதியதா, அடிபட்டு விழுந்ததா என்பதில் இன்றும் ஆளுக்கொரு கதை.

இனிக் கைக்கு வருவோம்.

1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஓட்டுபவர் குப்புறப் படுத்து, இடுப்பை அசைத்துத்தான் சிறகை முறுக்கினார். முன்பின், இடம்வலம் இரண்டையும் ஒரே தடியில் சேர்த்த பெருமையை பிரான்ஸ்காரர் ரொபேர்ட் எஸ்னோ பெல்ட்ரிக்குக் கொடுக்கிறார்கள். முப்பத்தைந்து வருடத்துக்குள் அந்தத் தடி சீனக்குடாவுக்கு வந்தபோது அதன் தலையில் ஒரு வளையம் இருந்தது. ஹரிக்கேனின் பிடி மண்வெட்டிப் பிடி மாதிரி வட்டமானது. சுடும் பொத்தானும் சக்கரத்துக்கான பிரேக்கும் அதிலேயே. தடி முழுவதும் பக்கவாட்டில் சரியாது, மேற்பாதி மட்டும் மூட்டில் மடிந்து சாயும். ஒடுக்கமான கொக்பிட்டில் முழங்கால் இடிக்கக் கூடாதல்லவா!

எதிரே வந்த சீரோவில் சாதாரண நேர்த் தடி. சுடும் விசை தடியில் இல்லை, இடக்கை பிடிக்கும் திரொட்டிலில் இருந்தது. வடிவமைத்த ஹொரிகோஷி இன்னொரு வேலையும் செய்திருந்தார். வாலில் உள்ள எலிவேட்டருக்குப் போகும் கேபிளை வேண்டுமென்றே சற்று நீளக்கூடியதாக வைத்தார். மெதுவாகப் பறக்கும்போதும் வேகமாகப் பறக்கும்போதும் ஓட்டுபவரின் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. ஆனால் வேகம் மிகக் கூடினால் சிறகைச் சரிக்கத் தடி கல்லாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டவர்கள் சீரோவுடன் சுற்றிச் சுற்றிச் சண்டை பிடிக்காமல் குத்தெனக் கீழே பாய்ந்து தப்பினார்கள்.

கடையில் வாங்கும் ஜோய்ஸ்டிக் இதையெல்லாம் சொல்லாது. அதில் இருப்பது ஸ்பிரிங். நிலத்தில் நின்றாலும் தலைகீழாய்ப் பாய்ந்தாலும் ஒரே இறுக்கம். அசல் விமானத்தில் தரையில் தடி தொளதொளவென்று கிடக்கும், காற்று ஓடத் தொடங்கினால்தான் அதற்கு உயிர் வரும். கைக்கு அழுத்தம் தரும் ஜோய்ஸ்டிக்குகள் 1990களிலேயே வந்தன. இன்றும் உண்டு, ஆனால் ஆசிரியர் சம்பளத்துக்கு அவை கண்ணால் பார்க்க மட்டும். அந்த ஆசையை அன்றே விட்டோம்.

மிச்சத்தில் நாங்கள் பார்த்தவை இவை. முதலாவது உணரி. காந்தத்தால் வேலை செய்யும் ஹோல் உணரி உள்ளதுதான் வேண்டும். எட்வின் ஹோல் 1879இல் கண்டுபிடித்த விளைவு அது. உரசல் இல்லை, எனவே தேய்வும் இல்லை. இதில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: சில மாதிரிகளில் பிரதான இரண்டு அசைவுக்குத்தான் ஹோல், திருகும் அச்சுக்குப் பழைய பொட்டென்சியோமீட்டரேதான். வாங்குமுன் கேளுங்கள். அசல் விமானத்தில் சுக்கானைக் காலால் மிதிப்பார்கள், திருகுவது மேசைக்காரர்களின் வசதி. அடுத்தது அடிப்பாகத்தின் பாரம். இலேசாக இருந்தால் இழுக்கும்போது மேசையை விட்டு எழும்பும். தடி குட்டை என்பதால் சிறு அசைவே பெரிதாகும், சிமுலேட்டரில் வளைகோட்டை மாற்றி நடுப்பகுதியை மந்தமாக்கிக்கொள்ளலாம். பட்டன் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்.

ஆனால் முடிவை எடுத்தது இவை எதுவும் அல்ல.

பிள்ளைகளுக்குச் சீரோதான் விருப்பம், அதுதானே வெல்லுது. அன்று ஒருவன் கேட்டான், "சேர், அண்டைக்கு நம்மட ஆக்கள் எந்தப் பிளேன்ல இருந்தாங்க?" ஒன்றிலும் இல்லை என்றோம். கீழே இருந்தார்கள். வள்ளத்தில், வயலில், துறைமுகத்துக் கூலி வேலையில். பையன் விமானத்தைத் தாழ இறக்கிக் கிண்ணியாவைத் தேடினான். எங்கள் சிமுலேட்டரில் துறைமுகத்தின் கரையோரம் அச்சொட்டாக இருக்கிறது. கிண்ணியா இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறம் மட்டும். மூதூரும் அப்படித்தான். அவன் இரண்டு தரம் சுற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் ஜோய்ஸ்டிக்கை அடுத்த பிள்ளையிடம் கொடுத்தான்.

அடுத்த பிள்ளை இடக்கைக்காரி. வருபவர்களில் ஒழுங்காகத் தரையிறக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய ஜோய்ஸ்டிக்கின் பிடி வலக்கைக்கென்று வார்த்தது. இவ்வளவு நாளும் அவள் பெருவிரலை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டைக் கோணலாக வைத்துத்தான் பறந்திருக்கிறாள். நாங்கள் கவனிக்கவேயில்லை. ஹரிக்கேனின் வட்டப் பிடி எந்தக் கைக்கும் பொருந்தும், இரு கையாலும் பிடிக்கலாம் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தவர்கள் நாங்கள்தான்!

இரண்டு கைக்கும் மாற்றிப் பூட்டக்கூடிய திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் கேட்டிருக்கிறோம். பிரதான அச்சுக்களுக்கு ஹோல் உணரி உண்டு, திருகும் அச்சைப் பிறகு பார்ப்போம். கொழும்பிலிருந்து பார்சல் வந்ததும் இடக்கைக்குப் பூட்டி வைப்போம். முதல் பறப்பு அவளுடையது. சீனக்குடாவில் ஏறி, கிண்ணியாப் பக்கம் ஒரு சுற்று. அதற்குள் அந்தப் பச்சை நிறத்தின் மேல் வீடுகளையும் பள்ளிவாசலையும் வைக்க முடியுமா என்று பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1942இல் எந்த வீடு எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தெரியப்படுத்துங்கள். பிள்ளைகளோடு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.