அண்ணாமலையார் கொடுக்கும் திதி

தை ஐந்தாம் தேதி மணலூர்பேட்டைக்குப் போனால் தென்பெண்ணையில் மணலைப் பார்க்க முடியாது, அவ்வளவு ஜனம். பொங்கல் முடிந்த கையோடு வரும் ஆற்றுத் திருவிழா அது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றில் இறங்கும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரும் வந்து சேருவார். சிறுவள்ளிக் கிழங்கு விற்பவர்களுக்கு வருஷத்தில் அதுதான் பெரிய நாள். மேளம், ராட்டினம், கரும்பு என்று எதற்கும் குறைவிருக்காது.

அதே தை மாதம் பூச நட்சத்திரத்தன்று அதே சாமிக்குத் திருவண்ணாமலை ஈசானியக் குளத்தில் இன்னொரு தீர்த்தவாரி உண்டு. போகும்போது மேளதாளத்தோடுதான் போவார். குளித்துக் கரையேறிக் கோயிலுக்குத் திரும்பும் வழியில் ஒரு சேதி வரும்: வல்லாள மகாராஜா போரில் மாண்டுபோனார். அத்தோடு மேளம் நின்றுவிடும். தகப்பன் செத்த சேதி கேட்ட பிள்ளைக்கு எதற்கு நாதஸ்வரம்? வாத்தியம் ஏதுமில்லாமல் சாமி கோயிலுக்குள் போய்விடுவார். அடுத்த மாதம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில் அந்தத் தகப்பனுக்குத் திதி கொடுப்பார். வருஷா வருஷம் இது நடக்கிறது. பிறப்பும் இறப்பும் இல்லாதவர் என்று எந்தச் சாமியைப் பாடுகிறார்களோ, அந்தச் சாமிக்குத்தான் ஒரு மாதத் துக்கம்.

இந்தத் திதி எப்படிப் பிறந்தது என்பதற்குக் கோயில் ஒரு கதை வைத்திருக்கிறது, வரலாறு வேறொன்று வைத்திருக்கிறது.

கோயிலின் கதை எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இருக்கிறது. வல்லாளனுக்குப் பிள்ளையில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத ராஜா என்று பேர். அவனைச் சோதிக்க சிவன் ஜங்கமத் துறவி வேடத்தில் வந்து, இன்றிரவு துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறார். ஊரில் ஒரு தாசி வீடும் காலியில்லை. சிவனுடைய ஆட்களே முன்கூட்டி எல்லா வீட்டிலும் புகுந்துகொண்டார்கள். கொடுத்த வாக்கு தப்பக் கூடாதே என்று இளைய ராணி சல்லமா தேவி தானே போகிறாள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பினால், அங்கே கிடப்பது பச்சைக் குழந்தை. ராஜா ஓடிவந்து தூக்கிக் கொஞ்சும்போதே குழந்தை மறைகிறது. நானே உனக்குப் பிள்ளை, உன் கடைசிக் காரியத்தை நானே செய்வேன் என்று சிவன் வாக்குக் கொடுக்கிறார். இந்த வட்டாரத்துத் தெருக்கூத்தில் வல்லாள மகாராஜாவுக்குத் தனிக் கூத்தே உண்டு. ஒரு ராணியைப் பந்தயத்தில் வைப்பதுபோன்ற இந்தக் கதை இன்றைக்குக் கேட்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.

வரலாறு சொல்லும் ஆள் மூன்றாம் வீர வல்லாளன், ஹொய்சள ராஜா. துவாரசமுத்திரம் என்ற இன்றைய ஹளேபீடு அவருடைய தலைநகர். 1311-ல் மாலிக் காபூர் படை வந்தது, 1327 வாக்கில் துக்ளக் படை வந்தது. தலைநகரம் நொறுங்கியது. கிழவர் ஓய்ந்துவிடவில்லை. திருவண்ணாமலையை இன்னொரு தலைநகராக்கிக்கொண்டு அங்கிருந்தே ஆண்டார். பெரிய கோயிலில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் அடுத்து நிற்பது வல்லாள கோபுரம். அதில் அவர் சிலையும் இருக்கிறது.

அவர் முடிவை எழுதிவைத்தவர் மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்ன் பதூதா. அவர் நடுநிலையான சாட்சி என்று சொல்ல முடியாது. அன்றைய மதுரை சுல்தான் கியாசுதீனுக்கு அவர் சகலை முறை. அவர் சொல்வது இது. சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்க் கொப்பத்தில் சுல்தானின் கோட்டையை வல்லாளன் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தார். வல்லாளன் பக்கம் லட்சம் பேருக்கு மேல். அதுபோக முஸ்லிம்கள் இருபதாயிரம் பேர். மதுரைப் படையோ ஆறாயிரம்தான், அதிலும் பாதி உதவாக்கரை. கோட்டைக்குள் பதினான்கு நாள் சாப்பாடுதான் மிச்சமிருந்தது. சரணடையலாமா என்று சுல்தானைக் கேட்டு வர அவகாசம் கேட்டார்கள், வல்லாளன் கொடுத்தார். சேதி மதுரைக்குப் போனதும், உயிரை விடத் துணிந்த குதிரை வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வல்லாளனின் பாளயம் மதியத் தூக்கத்தில் கிடந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. எண்பது வயதுக்காரர் குதிரையேறித் தப்பப் பார்த்துப் பிடிபட்டார். யானை, குதிரை, பொன் எல்லாவற்றையும் கறந்துகொண்ட பிறகு அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இப்ன் பதூதா எழுதுகிறார்.

இப்போது திதியைப் பார்க்கலாம். கர்நாடகக் கல்வெட்டு ஒன்றின்படி வல்லாளன் இறந்தது 1342 செப்டம்பர் 8. அது தையிலும் வராது, மாசியிலும் வராது. ஆகவே சாமி கொடுக்கும் திதி செத்த நாளின் கணக்கில் வருவதாகத் தெரியவில்லை. தைப்பூசமும் மாசி மகமும் எப்படியும் தீர்த்தவாரி நாட்கள். சாமி வெளியே வருவார், ஊர் கூடும். அந்த இரண்டு நாளோடு இந்தத் துக்கத்தைக் கோத்துவிட்டார்கள் என்பது என் ஊகம். தனியாக ஒரு நாள் வைத்திருந்தால் இரண்டு தலைமுறையில் மறந்திருக்கும்.

இன்னொரு முரண் இதைவிடப் பெரியது. புராணம் பிள்ளையில்லாதவர் என்று சொல்லும் வல்லாளனுக்கு வரலாற்றில் பிள்ளை இருந்தார். நான்காம் வல்லாளன் என்று 1343-ல் பட்டம் கட்டிக்கொண்டார். ஆனால் 1346-ல் ஹரிஹரனும் அவன் தம்பிமாரும் சிருங்கேரியில் வெற்றி விழா கொண்டாடுகிறார்கள், விஜயநகரம் தலையெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஹொய்சளர் பேச்சே இல்லை. இருந்த பிள்ளையைக் கதை ஏன் மறந்தது? எரிக்க ஒரு முழு உடல் திருவண்ணாமலைக்கு வந்திருக்க வழியில்லை. வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும் இறைக்க வம்சமும் நிற்கவில்லை. திதி நின்றுபோன வீட்டைப் பிள்ளையில்லாத வீடு என்றுதான் ஊர் சொல்லும். அவர் கட்டிய கோபுரத்துக்குள் இருந்த சாமி ஒருவர்தான் மிச்சம். பிள்ளை ஸ்தானம் அவருக்கு வந்துவிட்டது.

போரில் செத்தவரைச் சும்மா விடுகிற பூமியல்ல இது. மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றை எதிர்த்துப் போனால் சாத்தனூர் அணையைச் சுற்றியும் செங்கம் பக்கமும் நடுகற்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. இரண்டு கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாய் கோவிவனுக்கும் அதில் இடமிருக்கிறது. நாய்க்குக்கூடப் பேர் போட்டவர்கள் ராஜாவை விட்டுவிடுவார்களா? அப்படிப்பட்ட கற்கள் பலவற்றை இன்றும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

போரையே ஆடிக்காட்டுவதும் இங்கே பழக்கந்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, கடைசியில் படுகளம் போடுவார்கள். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான், பீம வேடக்காரர் தொடையில் அடிப்பார், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. மணலூர்பேட்டை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அவனுக்காகத் தாலியறுக்கிறார்கள். இங்கே மட்டுமல்ல, அமெரிக்காவிலும் உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை நடந்து ஐம்பது வருஷம் கழித்து, 1913-ல், இரு தரப்புக் கிழவர்களும் அந்த மைதானத்தில் கூடி, அன்று சுட்டுக்கொண்ட கல் சுவருக்கு மேலே கைகுலுக்கிக்கொண்டார்கள். இப்போது பேரன், கொள்ளுப்பேரன்கள் அதே சீருடை தைத்துப் போட்டு அந்தச் சண்டையை நடிக்கிறார்கள்.

வல்லாளன் விஷயத்தில் ஈசானியக் குளத்தில் யாரும் வாள் எடுப்பதில்லை. கண்ணனூர்ச் சண்டை நடித்துக்காட்டக் கூடிய சண்டையும் இல்லை. அவகாசம் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பாளயத்தை எப்படி ஆடிக்காட்டுவது? அதனால் சேதி வந்த தருணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கூத்தாகப் பார்த்தால் இது மிகக் கெட்டிக்காரத்தனமான தேர்வு. வேடமில்லை, வசனமில்லை, செலவுமில்லை.

இன்று வல்லாளனுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஹொய்சளர் தங்கள் கல்வெட்டுகளில் தங்களை யாதவ குலம் என்கிறார்கள். அருணாசல புராணம் அவரை அக்கினி குலத்தில் வைக்கிறது. ஆளுக்கொரு பக்கம் ஆதாரம் காட்டி, எங்கள் பாட்டன் என்கிறார்கள். யார் பாட்டனாக இருந்தாலும் தர்ப்பையை விரலில் மாட்டும் உரிமை மட்டும் அவர்களில் எவருக்கும் வரவில்லை. அறநிலையத் துறைக் கோயிலின் திருவிழாப் பட்டியலில் மாசி மகத்துக்கு நேரே பள்ளிகொண்டாப்பட்டு வருகிறது. சாமிக்குப் பதிலாக உட்கார்ந்து சிவாச்சாரியார்கள் திதியைச் செய்கிறார்கள்.