விளம்பரப் பலகைகளும் நகர சபைகளும்: ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் ஒரு நோக்கு

நகரமொன்றின் தெருமுகத்தில் எதனை நிறுத்தலாம், எதனை நிறுத்தலாகாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்குரியது? நிலத்தின் உரிமையாளருக்கா, அந்நிலத்தை வாடகைக்குப் பெற்றுப் பலகை நாட்டும் நிறுவனத்துக்கா, அன்றித் தெருவிற் செல்லும் பொதுமக்களின் பேரால் ஆட்சி நடத்தும் நகர சபைக்கா? ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்களில் இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பன்முறை எழுந்துள்ளது. விளம்பரப் பலகைகளுக்கான அனுமதி விதிகள், ஆதன உரிமையும் பொதுநலமும் கருத்துரிமையும் மோதிய களமாக அமைந்தன. அவ்விதிகளுக்குக் கூறப்பட்ட காரணங்கள் காலந்தோறும் எவ்வாறு மாறின என்பதையும், அம்மாற்றங்களினூடே யாருடைய விருப்பம் மதிக்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கல்லச்சுக் கலை வளர்ச்சியுற்றதும் பெரிய வண்ணச் சுவரொட்டிகளை மலிவாக அச்சிடுதல் சாத்தியமாயிற்று. முதலில் சர்க்கஸ் குழுக்களும் மருந்து விற்பனையாளரும் அவற்றைப் பயன்படுத்தினர். பின்னர், நாடு முழுவதற்கும் பொருள்களை விற்க முற்பட்ட பெரும் உற்பத்தியாளர் ஊர்தோறும் ஒரே அளவான பலகைகளை வேண்டிநின்றனர். 1900ஆம் ஆண்டளவில் பலகைகளின் அளவு தரப்படுத்தப்பட்டமைக்கு இத்தேவையே அடிப்படையாகும். நகரங்களின் வெற்று நிலங்கள் விளம்பர நிறுவனங்களுக்கு வருவாய் தரும் நிலங்களாயின.

நகர சபைகள் இவற்றைக் கட்டுப்படுத்த முனைந்தபோது சட்டம் குறுக்கே நின்றது. ஒருவரது ஆதனப் பயன்பாட்டை நகர சபை கட்டுப்படுத்துவதாயின் அது பொதுமக்களின் சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுக்கம் முதலியவற்றின் பொருட்டே அமைதல் வேண்டும் என்பது அக்கால நீதிமன்றங்களின் நிலைப்பாடாகும். நகரின் அழகு இப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1905ஆம் ஆண்டில், பலகைகளைத் தெரு எல்லையிலிருந்து தள்ளி நிறுத்துமாறு பசேக் நகரம் இயற்றிய விதியை நியூ யேர்சி மாநில நீதிமன்றம் செல்லாததாக்கியது. அழகு பற்றிய கருதுகைகள் ஆடம்பரத்தின் பாற்பட்டனவேயன்றித் தேவையின் பாற்பட்டனவல்ல என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

அதே 1905ஆம் ஆண்டில் சென்ற் லூயிஸ் நகரம் விரிவான கட்டளைச்சட்டமொன்றை நிறைவேற்றியது. இதன்படி 25 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள எப்பலகையையும் அனுமதிப்பத்திரமின்றி நாட்டுதல் கூடாது. பலகையின் உச்சி நிலத்திலிருந்து 14 அடியைத் தாண்டலாகாது. அதன் கீழ்விளிம்புக்கும் நிலத்துக்குமிடையே 4 அடி வெளி இருத்தல் வேண்டும். கட்டடங்களிலிருந்து 6 அடியும் தெரு எல்லையிலிருந்து 15 அடியும் விலகி நிற்றல் வேண்டும். ஒவ்வொரு 5 அடி நீளத்துக்கும் ஒரு டொலர் அனுமதிக் கட்டணமாகும்.

இதனை எதிர்த்து விளம்பர நிறுவனமொன்று தொடுத்த வழக்கில், 1911ஆம் ஆண்டு மிசூரி மாநில உயர் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பலகைகளின் மறைவில் குப்பைகூளங்கள் குவிகின்றன, குற்றவாளிகள் பதுங்குகின்றனர், ஒழுக்கக்கேடான செயல்கள் நிகழ்கின்றன என்பனவே நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட காரணங்களாகும். பலகையின் முன்பக்கத்தைப் பற்றிப் பேசுதற்குச் சட்டத்தில் இடமில்லாதபோது, நகரம் அதன் பின்பக்கத்தைப் பற்றிப் பேசி வென்றது எனலாம். அக்காரணங்களை முற்றும் பொய்யென ஒதுக்கிவிடவும் இயலாது. பராமரிப்பற்ற வெற்று நிலங்களிற் குப்பை சேர்தல் அந்நகரங்கள் கண்ட உண்மையே. எனினும், குப்பைதான் உண்மையான குறையாயின் அதனை அகற்றுமாறு பணித்தலே போதியதாகும் என்ற ஐயம் எழாமற் போகாது.

1917ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் சிக்காகோ நகரின் விதியொன்றை ஏற்றுக்கொண்டது. தெருத்தொகுதியொன்றின் கட்டடங்களுட் பாதி குடியிருப்புகளாக இருப்பின், 12 சதுர அடிக்கு மேற்பட்ட பலகையை அங்கு நிறுத்துவதற்கு அத்தொகுதியின் தெருமுகப்பிற் பெரும்பகுதிக்கு உரிமையுடையோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது அவ்விதி. சம்மதம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆட்களின் தொகைக்கன்றி அவர்கட்குரிய முகப்பின் நீளத்துக்கே மதிப்பு அளிக்கப்பட்டது. நீண்ட முகப்பையுடையவர் மிகுந்த செல்வாக்குப் பெற்றார். அத்தெருவிலேயே வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளிக்குப் பலகையை நாள்தோறும் காணும் கடப்பாடு இருந்ததேயன்றிச் சம்மதிக்கவோ மறுக்கவோ உரிமை இருக்கவில்லை. அயலவரின் சம்மதம் என்ற பெயரில் ஆதன உடைமையாளரின் சம்மதமே கேட்கப்பட்டது.

இரண்டாண்டுகளின் பின்னர் சென்ற் லூயிஸ் கட்டளைச்சட்டம் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1919ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஹோம்ஸ், விதிகளுள் ஓரிரண்டு பெரும்பாலும் அழகையே கருதியவையாக இருக்கலாம் என வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் முக்கிய கட்டுப்பாடுகள் வேறு காரணங்களைச் சார்ந்து நிற்பதால், இச்சிறு விதிகளின் பொருட்டுச் சட்டத்தை நிராகரிக்க அவர் முன்வரவில்லை. இதுகாறும் மறைந்திருந்த அழகு இவ்வாறு பக்கவாயிலால் சட்டத்தினுட் புகுந்தது.

அழகு முன்வாயிலால் நுழைந்தது 1954ஆம் ஆண்டிலேயாகும். அவ்வழக்கு விளம்பரப் பலகை பற்றியதன்று. தலைநகர் வாசிங்டனின் தென்மேற்குப் பகுதியிலிருந்த சேரிகளை அகற்றும் திட்டம் பற்றியது. நகரம் சுகாதாரமானதாக இருத்தல் வேண்டுமெனத் தீர்மானிக்கும் சட்டமன்றம் அது அழகானதாகவும் இருத்தல் வேண்டுமெனத் தீர்மானிக்கலாம் என்ற கருத்தை நீதியரசர் டக்ளஸ் அத்தீர்ப்பில் முன்வைத்தார். பலகைகளைக் கட்டுப்படுத்த விரும்பிய நகரங்களுக்கு இது பெருந்துணையாயிற்று. ஆனால், அத்திட்டப் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 5,000 பேருள் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின மக்களாவர். அழகு என்ற பொதுநலக் காரணம் வறியோரின் குடியிருப்புகள் இடிக்கப்பட்ட வேளையிலேயே வலுப்பெற்றது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

அழகு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் புதியதொரு வினா எழுந்தது. எல்லாப் பலகைகளும் கண்ணுக்கு இடையூறாயின் சிலவற்றுக்கு மட்டும் விலக்களித்தல் எங்ஙனம்? 1972ஆம் ஆண்டில் சான் டியேகோ நகரம் கொணர்ந்த சட்டம், கடையொன்று தன் இடத்தில் விற்கும் பொருளை அங்கேயே விளம்பரப்படுத்த அனுமதித்தது. பிறவிடத்துப் பொருள்களுக்கான பலகைகளைத் தடுத்தது. வரலாற்று நினைவுப் பட்டயங்கள், சமயச் சின்னங்கள், தற்காலிகத் தேர்தல் அறிவித்தல்கள் உட்பட 12 வகைகளுக்கு விலக்களித்தது. இதன் விளைவாக, கடைக்காரர் தம் பொருளைப் பற்றிப் பலகை வைக்கலாம்; அதேயிடத்தில் அரசியற் கருத்தொன்றை எழுதி வைத்தல் பெரிதும் தடுக்கப்பட்டிருந்தது. 1981ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. போக்குவரத்துப் பாதுகாப்பும் நகரின் தோற்றமும் தக்க காரணங்களே எனினும், வணிகக் கூற்றுக்குக் கருத்துக் கூற்றிலும் உயர்ந்த இடமளித்தல் தகாது என நீதியரசர் வைற் எழுதினார்.

இவ்விடயத்தின் சமூகப் பொருளை மிகத் தெளிவாகக் காட்டுவது, சென்ற் லூயிசை அடுத்துள்ள லடூ என்னும் சிறு நகரின் வழக்காகும். வளைகுடாப் போர் மூண்ட காலத்தில், அந்நகர்ப் பெண்ணொருவர் சமாதானத்தை வேண்டும் சிறு தாளொன்றைத் தம் வீட்டு யன்னலில் ஒட்டினார். அது 8½ அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் கொண்டது. வீடு விற்பனை அறிவித்தல் போன்ற சிலவற்றைத் தவிர, குடிமனைகளில் அறிவித்தல்கள் அனைத்தையும் தடைசெய்த நகரச் சட்டம் இதனையும் தடுத்தது. காட்சிக் குழப்பத்தைத் தவிர்த்தலே நகரம் கூறிய காரணம். 1994ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அத்தடையை நீக்கியது. வசதி குறைந்தோருக்கு வீட்டு யன்னலிலும் மலிவான கருத்துச் சாதனம் வேறில்லை என்பதை அத்தீர்ப்பு உணர்ந்திருந்தது.

பிந்திய தீர்ப்புகளும் இதே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. அறிவித்தலின் பொருளைக் கொண்டு அளவையும் காலத்தையும் வேறுபடுத்திய கில்பேர்ட் நகர விதிகள் 2015ஆம் ஆண்டில் வீழ்ந்தன. அறிவித்தல் நிற்கும் இடத்துக்குரியதா, பிறவிடத்துக்குரியதா என்ற ஒஸ்ரின் நகரின் வேறுபாட்டை 2022ஆம் ஆண்டில் நீதிமன்றம் பொருள் சார்ந்த பாகுபாடாகக் கொள்ளவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, அனுமதி விதி தேவையா என்பதில் அன்றி, அது யாரை நோக்கியது என்பதிலேயே இவ்வரலாற்றின் பெறுமதி தங்கியுள்ளது எனலாம். பெருநிறுவனங்கள் தெருவைத் தமதாக்காது தடுத்தல் நகர சபையின் கடமை. ஆனால் அதே விதி, நிலமற்றவரின் சம்மதத்தைக் கணக்கிற் கொள்ளாது விடவும், யன்னலில் ஒட்டிய தாளொன்றைக் கிழித்தெறியவும் பயன்படக்கூடும். சென்ற் லூயிஸின் 14 அடிப் பலகையையும் லடூவின் 11 அங்குலத் தாளையும் ஒரே கோலால் அளந்தவிடத்து நீதி தவறியது. அவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்க அச்சமூகத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் தேவைப்பட்டது.